கோழிக்கழிச்சலும் குடியானவர் கைமுதலும்

மதுரையை அடுத்த மேலூர் வட்டத்தில் திருவாதவூர் முதலிய கிராமங்களின் நெல் விளைவு, பெரியாற்றுக் கால்வாயையும் கண்மாய்களையும் நம்பி நிற்பது. நெல்லின் வரவு அறுவடைக்காலத்தில் மாத்திரமே கைக்கு வரும். மற்ற மாதங்களில் வீட்டுச் சில்லறைச் செலவுக்கு உதவுவது எதுவென விசாரித்தால், கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியே என்பது விளங்கும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், திடீரெனக் கண்ட காய்ச்சலுக்கு மருந்து, விருந்தினர் வந்த நாளில் குழம்பு, குலதெய்வத்துக்கு நேர்ந்த சேவல் யாவும் அதனாலேயே நிறைவேறுகின்றன. பல வீடுகளில் பெண்கள் பிறரைக் கேளாமல் எடுத்தாளக்கூடிய பணமும் இது ஒன்றே. ஆகையால் கோழிச் சீக்கை அற்ப விஷயமென எண்ணுதல் தவறாகும்.

நஷ்டத்தின் கணக்கு

ஒரு வீட்டில் 5 பெட்டைகளும் 1 சேவலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்டுப் பெட்டை ஆண்டில் 3 அல்லது 4 தடவை, தடவைக்கு 12 முதல் 15 முட்டைகள் வரை இடும். கழிச்சல் நோய் புகுந்தால் இவை அனைத்தும் ஒரு வாரத்திற்குள் மடியக்கூடும். மீண்டும் ஒரு பெட்டையை வாங்கி அடைவைத்தால், குஞ்சு பொரிக்க 21 நாட்களும், அக்குஞ்சு வளர்ந்து முட்டையிட 6, 7 மாதங்களும் செல்லும். எனவே ஒரு வாரத்தில் இழந்ததைத் திரும்பப் பெற ஏறக்குறைய ஓராண்டாகிறது. அதுவரை செலவு காத்திராது; கடனே வழியாகும். நிலமற்ற கூலிக்குடும்பம் நிலமுடையோரிடமே முன்பணம் கேட்டு வரவேண்டியதாகும். ஆதலால் இந்த நஷ்டம் ஏழை வீட்டோடு நிற்பதன்று.

வியாதியின் இயல்பு

இந்நோய் 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், மறு ஆண்டு குமாவுன் மலைப்பிரதேசத்து இராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டது. அதனால் நம் நாட்டில் இராணிக்கேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்பர். நோயுற்ற கோழி இரையெடாமல் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கும். வெண்மையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றிற்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் வழங்காது. இது வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாவது. கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி.

பரவும் விதம்

எச்சில், எச்சம், கூடை, காலடி மண் ஆகியவற்றால் இது பரவுகிறது. எனினும் இதனை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது பெரும்பாலும் மனிதர் செயலே. இரண்டு கோழிகள் செத்தவுடன், மிஞ்சியவற்றைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது பலர் வழக்கம். அங்கே வாங்குபவர் நோயையும் சேர்த்து வாங்கிச் செல்கிறார். செத்த கோழியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ எறிந்தால் நாயும் காகமும் மிச்ச வேலையை முடிக்கும். அதனை ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவவேண்டும். புதிதாக வாங்கிய கோழியை 2, 3 வாரம் தனியே வைத்திருந்து பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

தடுப்பூசி

இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதற்குரிய மருந்தைத் தயாரிக்கிறது. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவர். 8 வாரம் கடந்தவற்றுக்கு இறக்கையில் தோலடியில் ஊசி போடுவர். வெயிற்காலம் நோய்க்கு ஏற்ற காலமாதலின், கால்நடை பராமரிப்புத் துறையார் பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி இலவசமாக ஊசி போட்டுவருகின்றனர். இதற்குச் சில நாட்கள் முன்பே பூச்சி மருந்து கொடுத்துவிடுதல் நன்று.

ஊசி போட்ட மறுநாள் சில கோழிகள் இறந்தால், ஊசியே கொன்றதெனச் சிலர் பழிப்பதுண்டு. ஏற்கெனவே நோய் உட்புகுந்த கோழியை ஊசி காப்பாற்றாது. காப்புச் சக்தி உண்டாகச் சில நாட்களாவது வேண்டும். நோய் வந்தபின் ஓடுவதை விட்டு முன்பே போட்டுக்கொள்ள வேண்டுவது இதனாலேயாம்.

ஊரார் கடமை

பத்து வீட்டார் ஊசி போட்டு ஐந்து வீட்டார் விட்டுவிட்டால், நோய் அவ்வைந்து வீட்டில் தங்கி, பத்து வீட்டிலும் பின்னர் பிறக்கும் குஞ்சுகளை வாரிக்கொள்ளும். நிலக்காரர் தம் களத்துக் கோழிகளை முதலில் கொணர்ந்தால் மற்றவர் தயங்கார். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருந்தகத்தாரிடம் நாள் குறித்துக்கொண்டு, முதல் நாள் மாலையே தண்டோராப் போடச் செய்யலாம். அன்றிரவு கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் பிடிப்பது எளிது. வெயில் ஏறுமுன் வேலையும் முடியும். கரைத்த மருந்து பனிக்கட்டியில் இருக்கவேண்டும். சுமார் 2 மணி நேரத்தில் செலவாகிவிடவேண்டும். எனவே வீட்டுக்கு வீடு காத்திருப்பதற்கு இடமில்லை.

ஒரு காலைப்பொழுதின் சிரமம் ஓராண்டுக் கடனைத் தவிர்க்கும். வரும் தை மாதத்திலேயே ஒவ்வொரு கிராமத்தாரும் இதற்கு ஏற்பாடு செய்துகொள்வாராக.