கிலோமீட்டரை விடு, டிபியைக் கூட்டிப் பார்

தம்பி, எஸ்எஃப்பி வாங்கப் போனால் "பத்து கிலோமீட்டர் மாட்யூல்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அதை மட்டும் வைத்து லைனுக்குப் பொருந்தும் என்று முடிவு கட்டாதே. டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கு. அனுப்பும் பவர், வாங்கும் பவர் இரண்டுக்கும் குறைந்த அளவு, கூடின அளவு போட்டிருக்கும். உனக்கு அந்த நாலு எண்ணும் வேண்டும்.

அந்தப் பத்து கிலோமீட்டர் வகைதான் பத்து ஜிகாபிட் எல்ஆர் மாட்யூல், 1310 நானோமீட்டரில் வேலை செய்வது. அனுப்புவது குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம், எதிர்முனைக்குக் குறைந்தது மைனஸ் 14.4 வேண்டும். இடையில் 6.2 டிபி. லைன் அதற்குமேல் தின்னக் கூடாது.

எட்டு கிலோமீட்டர் சிங்கிள் மோட் லைன் என்று வை. கிலோமீட்டருக்கு 0.4 வீதம் 3.2. நாலு ஸ்ப்ளைஸுக்கு 0.4. இரு முனைக் கனெக்டர்களுக்கும் அரை அரையாக 1. மொத்தம் 4.6 டிபி, மீதி 1.6. லைன் ஓடும், ஆனால் எனக்கு இது போதாது. ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்தால், துண்டு வைத்து இரண்டு இடத்தில் ஒட்டுவார்கள். கனெக்டரில் தூசியும் சேரும். மூன்று டிபி மிச்சம் இருந்தால்தான் நிம்மதி.

அதற்காக நாற்பது கிலோமீட்டர் இஆர் மாட்யூலை அப்படியே செருகிவிடாதே. அது 1550-இல் ஓடுவதால் இதே லைனில் இழப்பு 3.4 டிபிதான். அனுப்புவதோ பிளஸ் 4 வரை போகலாம். அப்போது எதிர்முனைக்கு பிளஸ் 0.6 போய்ச் சேரும். அது தாங்குவது மைனஸ் 1 வரைதான். 5 டிபி அட்டென்யுவேட்டர் போட்டால் இரு பக்கமும் கணக்கு சரியாகும். எண்பது கிலோமீட்டர் மாட்யூல்களை மேசையில் சின்னப் பேட்ச் கார்டால் இணைத்துச் சோதிக்கவே வேண்டாம், ரிசீவர் போய்விடும்.

கணக்கு முடிந்ததும் லைட் சோர்ஸ், பவர் மீட்டர் வைத்து அளந்து பார். எந்த மாட்யூலோ அதன் அலைநீளத்திலேயே அளக்க வேண்டும். அளவு கூடுதலாக வந்தால் முதலில் கனெக்டரைத் துடை, பிறகு ரேக்கில் பேட்ச் கார்டு இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பார். மடிப்பு 1550-ஐத்தான் அதிகம் பாதிக்கும். அதற்கப்புறம், இழப்பு லைனில் எந்த இடத்தில் என்று காட்டும் ஓடிடிஆர் போடலாம். முனைக்குள் மட்டும் கண்ணை வைக்காதே, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

லைன் ஏறிய அன்றே இரு முனை சுவிட்சிலும் டிடிஎம் (மாட்யூல் தானே அளந்து சொல்லும் வசதி) காட்டும் ஆர்எக்ஸ் பவரைத் தேதியோடு எழுதி ரேக்கில் ஒட்டிவிடு.