ஆய்வகத்திலிருந்து கிணற்றடிக்கு

பினாங்கு மக்கள் அருந்தும் நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதன் கலங்கலும் கிருமிகளும் சுங்கை டுவா நிலையத்தில் நீக்கப்படுகின்றன. ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரை நம்பி வாழும் மேற்கு வங்கச் சிற்றூர்களின் நிலையோ வேறு. அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. பல்லாண்டுகள் குடித்தால் தோல் நோயும் புற்றுநோயும் வரக்கூடும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இச்சிக்கலுக்கு மலிவான தீர்வு தந்தவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப். வெள்ளி, தங்க நானோ துகள்கள் சில குளோரின் சேர்மங்களைச் சிதைப்பதை அவர் குழு 2003இல் வெளியிட்டது. அந்த அடிப்படை ஆய்விலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் வடிகட்டி பிறந்து, 2007இல் விற்பனைக்கு வந்தது. அடுத்து அவர் ஆர்செனிக்கின் பக்கம் திரும்பினார். இரும்புத் துருவை ஒத்த சேர்மங்களின் மேற்பரப்பில் ஆர்செனிக் ஒட்டிக்கொள்ளும். இப்பண்பைக் கொண்டு உருவானதே 'அம்ரித்' முறை. அதன் வீட்டு வடிகட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அறிவியல் பயிலும் மாணவர்கள் இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவர் ஆய்வு கட்டுரையோடு நிற்கவில்லை. தண்ணீர் எடுக்க வருபவரின் குடம்வரை சென்றது. நம் ஆய்வுகளும் அவ்வழி செல்லட்டும்.