முதன்முதலாகக் கோர்ட்டில் எழுந்து நிற்கப்போகும் பிள்ளைக்கு

கண்ணு, அடுத்த வாரம் சீனியர் துணையில்லாமல் நீயே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறாயாம். பயத்தில் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். கோர்ட் வராந்தாவிலேயே தலை நரைத்த பெரியப்பா சொல்கிறேன், கேள்.

1. பயம் முதலில் உடம்பில்தான் வரும். டவாலி உன் வழக்கை அழைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், அடிவயிறு கலங்கும், கேஸ் கட்டைப் பிடித்த விரல் சில்லிடும். 'நான் இதற்கு லாயக்கில்லை' என்று அதற்கு அர்த்தம் கற்பித்துக்கொள்ளாதே. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுத்துக் கை கால் தசைகளுக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. எச்சிலும் செரிமானமும் அந்த நேரத்துக்கு ஒதுங்கிக்கொள்கின்றன. உயிருக்கு ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஒரு மிடறு தண்ணீர் குடி. மூச்சை நிதானமாக வெளியே விடு. முதல் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பாதி அடங்கிவிடும்.

2. ஒரு நாள் தடுமாறினால் அதையே உனக்கான தீர்ப்பாக எழுதிக்கொள்ளாதே. 1891-ல் பாரிஸ்டராகி ஊர் திரும்பிய காந்தி, பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் ஒரு பிரதிவாதிக்காக ஆஜரானார். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளச் சொல்லி, வாங்கிய 30 ரூபாயையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். 1893-ல் தென்னாப்பிரிக்கா போன அதே மனிதர், தன்னை அமர்த்திய வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்கு முழுக்கக் கணக்கு வழக்காக இருப்பதைக் கண்டார். பிராமிசரி நோட்டைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை. கணக்குப் பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். வழக்கின் விவரங்கள் கைக்குள் வந்தபோது நம்பிக்கையும் கூடவே வந்தது. தைரியத்தை எங்கே தேட வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

3. உன் பயத்திடம் பேர் கேள். ஒரு பாகப்பிரிவினை வழக்கில், குறுக்கு விசாரணைக்கு முந்தைய இரவு எனக்குக் கை நடுங்கியது. "எதுக்குப்பா பயம்?" என்றார் என் சீனியர். "எல்லாத்துக்கும்தான் சார்" என்றேன். அவர் விடவில்லை. நீதிபதியா? எதிர்த்தரப்பு வக்கீலா? சாட்சியா? கேட்டுக்கேட்டு வந்தபோது, பழைய பத்திரத்தில் இருந்த செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம், எனக்குச் சரியாக விளங்கவில்லை என்பதில் வந்து நின்றது. காகிதத்தை விரித்து, எல்லையில் இருந்த வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் பென்சிலால் வரைந்து காட்டினார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. படிக்காமல் விட்டதால் வரும் பயம் நல்ல பயம், அதற்குக் கீழ்ப்படி. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயத்துக்கு மட்டும் உட்கார இடம் கொடுக்காதே.

4. உன் வழக்கு இல்லாத நாளிலும் அந்தக் கோர்ட் ஹாலில் போய் உட்கார். திருக்குறளில் அவையறிதல் 72-ஆவது அதிகாரம். அவையஞ்சாமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. முதலில் அவையை அறி, அஞ்சாமை பின்னால் வரும் என்ற அந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். நீதிபதி எதைக் கேட்டால் பேனாவை எடுக்கிறார், எதில் பொறுமை இழக்கிறார் என்று கவனி. பழகிய முகம் அவ்வளவாகப் பயமுறுத்தாது.

5. பயத்துக்காக வாய்தா வாங்காதே. அன்றைக்கு மனசு லேசாகும், அடுத்த தேதிக்குள் பயம் இரண்டு மடங்காகும். உன் கட்சிக்காரருக்கோ ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல். "பார்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று பணிவாகக் கேட்கும் ஜூனியரை நல்ல நீதிபதிகள் மதிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

7. கடைசியாக, வராந்தாவைப் பார். மஞ்சப்பையில் பட்டா நகலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, முதல் பஸ் பிடித்து வந்த மனிதர் அங்கே நின்றுகொண்டிருப்பார். உன் பயம் உன் பேரைப் பற்றியது. அவர் பயம் அவர் நிலத்தைப் பற்றியது. கவுனைப் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய்விடாதே. இரண்டு நிமிஷம் அவர் பக்கத்தில் நில். இன்றைக்கு உள்ளே என்ன நடக்கும், யார் யாரிடம் என்ன கேட்பார்கள், அவர் எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்குப் புரியும்படி சொல். அவருக்குச் சந்தேகம் இருந்தால் கேட்கவிட்டு, பதில் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போ.