விருப்பப் பட்டியல் எழுதும் பருவம்

மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ முடிவுகள் 2024இல் மே 6ஆம் தேதியும் 2025இல் மே 8ஆம் தேதியும் வெளியாயின. பொறியியல் சேர்க்கைக்கான இணையவழிப் பதிவும் அதே நாட்களில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தை ஒட்டி முடிவது வழக்கமாகிவிட்டதால், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்து மாணவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மாத அவகாசமே. மதிப்பெண் முடிவாகிவிட்ட நிலையில், இனி மாணவரின் கையில் இருப்பவை சான்றிதழ்களும், கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலுமே ஆகும்.

தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டு முதல் கைவிடப்பட்டதால், பொறியியல் தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்களிலிருந்தே உருவாகிறது. கணித மதிப்பெண்ணை முழுமையாகவும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்து 200க்குக் கணக்கிடுவதே கட்-ஆஃப் எனப்படும். கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 92 பெற்றவரின் கட்-ஆஃப் 96, 45, 46 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 187 ஆகும். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபை முழுதாக ஒன்று உயர்த்தும் என்பதால், அப்பாடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவர்கள் விடைத்தாள் நகலுக்கு உரிய நாளுக்குள் விண்ணப்பித்து, நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகே மறுமதிப்பீடு கோருவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெற்றுத்தரும் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. முடிவு வெளியான வாரத்தில் மயிலாப்பூர், மாம்பலம் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு விண்ணப்பங்கள் குவியும். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இவ்வட்டாரத்தில் மிகுதியாக உள்ள சிபிஎஸ்இ மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் தமக்குரிய பிரிவில் இடம் பெற அவர்களும் சாதிச் சான்றிதழைப் பதிவேற்றியாக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்கள் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்ற செய்தி, அது சென்று சேர வேண்டிய வீடுகளுக்கு இன்னும் போதிய அளவு சென்று சேரவில்லை.

எல்லாவற்றிலும் அதிகத் தவறு நிகழ்வது விருப்பப் பட்டியலில்தான். கலந்தாய்வில் கணினி, தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவரது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்குகிறது. ஆகவே கிடைக்க வாய்ப்புக் குறைந்த கல்லூரியை முதலில் எழுதுவதால் கீழே உள்ள இடம் பறிபோவதில்லை. மாறாக, உறுதியாகக் கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியை மேலே எழுதிவிட்டால், அதைவிட விரும்பிய இடம் காலியாக இருந்தாலும் கணினி அதுவரை இறங்கி வராது. எத்தனை தெரிவுகள் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும்போது பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துவது, அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் போகும் நிலைக்கு மாணவரைத் தள்ளிவிடக்கூடும். பல கல்லூரிகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டும்; 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியின் எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் எண் 4. சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் பாடப்பிரிவு வாரியாக, இனவாரியாகக் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃபை ஒரு தாளில் எழுதி, பட்டியலை இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து தயாரித்துவிட வேண்டும். கலந்தாய்வுச் சுற்றில் கிடைக்கும் சில நாள் அவகாசம் பதிவிடுவதற்கே போதுமானது, யோசிப்பதற்கு அன்று. கணினி அறிவியல் மட்டுமே படிப்பு என்ற பெற்றோரின் எண்ணத்தால், கட்டுமானவியலிலோ மின்னியலிலோ உண்மையான நாட்டம் உள்ள பிள்ளை தன் பட்டியலைத் தானே எழுத முடியாமல் போவது வருந்தத்தக்கது.

கலை, அறிவியல் படிப்பை விரும்புவோருக்கு வழி வேறு. 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, நந்தனம் அரசுக் கல்லூரி ஆகியவற்றுக்கு அரசின் பொது இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விவேகானந்தா, எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ் போன்றவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரே கல்லூரியில் அரசு ஊதியம் தரும் உதவிபெறும் பிரிவும், கட்டணம் கூடிய சுயநிதிப் பிரிவும் இருக்கக்கூடும் என்பதால், விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு குறிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கலந்தாய்வுக்கு முன்பே இடம் தந்து பணம் கட்டச் சொல்வதுண்டு. அவ்வாறு கட்டுவோர், பணத்தைத் திரும்பப் பெறும் கடைசி நாளை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 1992 முதல் உள்ளது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. ஆகவே எந்த நிறுவனத்திலும் அசலை விட்டுவிட்டு வர வேண்டாம்.