முதியோர் கல்வியில் ஒரு புதிய பாடம்

முதியோர் கல்வி என்னும் தொடர் தமிழர்க்குப் புதியதன்று. முன்னாளில் அதைக் கேட்டவுடன் இராப்பள்ளியும் அரிக்கேன் விளக்கும் நினைவுக்கு வரும். கைநாட்டு வைத்தவர் கையொப்பம் இடக் கற்றதே அதன் பயன். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிள் விடவும் கற்றனர். படித்தவள் பிறர் துணையின்றி வெளியே சென்று வரவும் வேண்டும் என்று எண்ணியவர்களின் அறிவை என்னென்பது! இன்று அக்கல்வியில் இன்னொரு பாடம் சேர்ந்துள்ளது. அது கைப்பேசி.

இப்பாடத்தில் ஒரு விந்தை உண்டு. நன்றாகப் படித்தவர்களும் இதில் கைநாட்டாக நிற்கின்றனர். நம் சால்ட் லேக்கையே பாருங்கள். ஒருபுறம் ஐந்தாம் செக்டர். அங்கே மென்பொருள் எழுதும் இளைஞர் ஆயிரமாயிரம். மறுபுறம் மரநிழல் சூழ்ந்த பிளாக்குகள்; பல வீடுகளில் முதிய கணவனும் மனைவியும் மட்டும், சில வீடுகளில் ஒருவரே. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கின்றனர். பாலங்கள் கட்டியவரும் கல்லூரியில் கற்பித்தவரும் இன்று மின்கட்டணம் செலுத்தப் பக்கத்து வீட்டுப் பையனை எதிர்பார்க்கின்றனர். அவனிடம் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றனர்!

இதைத்தான் நாம் உதவி என்கிறோம். செய்து கொடுப்பது வேறு. கற்றுக் கொடுப்பது வேறு. ஐந்து நிமிடத்தில் நாமே முடித்துவிட்டு, "ஆயிற்று தாத்தா" என்று எழுந்து வருவது எளிது. ஆனால் அடுத்த மாதம் அவர் மீண்டும் நம்மையோ வேறொருவரையோ தேட வேண்டும். எல்லாரும் நல்லவராகவா இருப்பர்? போலீசார் போல் வீடியோவில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்" என்று மிரட்டிச் சேமிப்பைச் சுரண்டும் கூட்டம் இன்று பெருகிவிட்டது. அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. இவ்விரண்டையும் ஒரு முதியவர் அறிந்திருப்பது அவர் வாழ்நாள் சேமிப்புக்குக் காவலாகும்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா? 2017 முதல் 2024 வரை பிரதமர் பெயரால் கிராம டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் ஒன்று நடந்தது. கோடிக்கணக்கானோர் பயின்றனர். ஆனால் அது கிராமத்துக்கு மட்டும். வயதோ 14 முதல் 60 வரை. நகரத்து எழுபது வயதுப் பாட்டிக்கு இரு கதவுகளும் அடைப்பு. அறுபதோடு கற்கும் ஆற்றல் நின்றுவிடுகிறதா என்ன? இந்த வரம்பு பிழை என்பது என் கருத்து.

பிழை என்று காட்டியது கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில், நூறு நாள் வேலை செய்யும் பெண்கள், கூலி வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்குப் போய் அன்றைய வேலையை இழந்து வந்தனர். இதைக் கண்ட ஊராட்சியினர் வேலைத்தலத்துக்கே சென்று கைப்பேசியைக் கற்பித்தனர். வகுப்புக்கு வர முடியாதவரின் வீட்டுக்கு வகுப்பு சென்றது. 2022 செப்டம்பரில் அவ்வூராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு மாநிலமெங்கும் 'டிஜி கேரளம்' பரவியது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஏறக்குறைய 22 லட்சம் பேரைக் கண்டறிந்து, 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர் கற்பித்தனர். 2025 ஆகஸ்ட் 21-இல் மாநிலமே அப்பெயர் பெற்றது. வயது வரம்பு அங்கே இல்லை. கற்றவருள் தொண்ணூறைக் கடந்தவர் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல்!

இனி, முதியவர் விரலுக்குக் கைப்பேசி ஏன் பணிவதில்லை? விஞ்ஞானம் பயிலும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திரையின் கண்ணாடிக்கடியில் நுண்ணிய மின்கடத்திக் கோடுகள் உள்ளன. விரல் நெருங்கினால் அங்குள்ள மின்தேக்கு அளவு மாறும். அம்மாற்றமே 'தொட்டார்' என்னும் செய்தி. உலர்ந்து காய்த்த விரல் அம்மாற்றத்தைக் குறைவாகவே உண்டாக்குகிறது. நடுங்கும் விரலோ எடுக்கத் தாமதிக்கிறது. கருவி அதை நீண்ட அழுத்தமாகக் கொண்டு வேறெதையோ திறக்கிறது. பாட்டி தன்னை நொந்துகொள்கிறாள். குற்றம் பாட்டியுடையதன்று. விரலைச் சற்று ஈரமாக்கலாம். தொடுநேரத்தை நீட்டவும் எழுத்தைப் பெரிதாக்கவும் கைப்பேசியின் அமைப்பிலேயே இடமுண்டு. முதல் வகுப்பில் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

தேய்ந்த விரல்ரேகையும் இப்படியே. ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்ச்சான்று தர வேண்டும். 2014-இல் 'ஜீவன் பிரமாண்' வந்து வங்கி வரிசையைக் குறைத்தது. ஆயினும் ரேகை தேய்ந்தவரைக் கருவி ஏற்க மறுத்தது. 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று அனுப்பலாம். இதைவிட நல்ல முதற்பாடம் வேறு ஏது? பயன் கண்முன் கிடைக்கும், கற்றது மறக்காது.

நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சால்ட் லேக்கின் பிளாக்குகளில் பூஜைக்கும் கூட்டத்துக்கும் பயன்படும் சமூகக்கூடங்கள் உள்ளன. ஞாயிறு காலைகளில் அவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். ஒரு மாணவருக்கு இரு முதியவர் போதும். அவரவர் கைப்பேசி, அவரவர் விரல். நம் கைகள் பின்னால் கட்டியிருக்கட்டும்! ஒரு நாளைக்கு ஒரு காரியம். கரும்பலகையில் படம் வரைந்து பேசும் ஆசையை விட்டுவிட வேண்டும். எண்பதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்க்கு உயிர்ச்சான்று அக்டோபர் முதல் நாளே தொடங்கிவிடுவதால், செப்டம்பரில் நாம் வகுப்பைத் தொடங்க வேண்டும்.

வங்காள மொழி வராதவர் தயங்க வேண்டா. அதற்கு வங்க நண்பர்களைச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகளோடு இங்கு வந்து தங்கியுள்ள தமிழ்ப் பெற்றோரும் இருக்கின்றனர். வெளியே வங்காளம், கைப்பேசியில் ஆங்கிலம் என்று இரண்டுக்கும் நடுவே அவர்கள் வாய் மூடிக் கிடக்கின்றனர். கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.