மலை ஏறுவோம், பத்திரமாக இறங்குவோம்



இந்த மாதப் பாடம் மலையேற்றம் பற்றியது. இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னவுடன் ஒரு அக்கா சிரித்தார். "களை எடுக்க நடக்கிறோம், விறகுக்கு நடக்கிறோம், ரேஷன் கடைக்கு நடக்கிறோம். இதுல மலை வேற ஏறணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த நடையெல்லாம் வீட்டுக்காக, வேலைக்காக. நமக்காக, நம் மனசு சந்தோஷத்துக்காக நாம் கடைசியாக எப்போது நடந்தோம்?

பச்சேந்திரி பால் உத்தரகண்ட் மலையில் உள்ள நகூரி என்ற கிராமத்துப் பெண். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். நம் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்டில் ஏறினார். நாம் எவரெஸ்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் பக்கத்து மலைக்குப் போய் வர நம் காலுக்கும் தெம்பு உண்டு. அதை முறையாகச் செய்வது எப்படி என்று, நாம் தப்பு செய்து கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

நம் முதல் பயணத்தில் நடந்தது

நம் கூட்டமைப்பில் இருந்து 24 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பர்வதமலைக்குக் கிளம்பினோம். சுமார் 4,560 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். முதலில் படிகள், பிறகு கரடுமுரடான பாறைப் பாதை, உச்சிக்குப் பக்கத்தில் இரும்புக் கடப்பாரைகளைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்துப் பாறை.

வேன் வர நேரமானது. ஏறத் தொடங்கும்போதே மணி ஒன்பது. இளம்பெண்கள் பேச்சும் சிரிப்புமாக முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில் ஆளை எண்ணினால் 23 பேர்தான் இருந்தோம். ஒரு அக்காவைக் காணவில்லை. நாலு பேர் திரும்பி இறங்கிப் போய்ப் பார்த்தால், படி ஓரத்தில் ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாக்கு வறண்டு, தலை சுற்றி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாட்டில் முன்னால் போனவர் பையில் இருந்தது.

"ஏங்க்கா கூப்பிடல?" என்று கேட்டோம். "என்னால எல்லாரும் நிக்கணுமேன்னுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை நமக்கு உறைத்தது. ஒரு உறுப்பினர் தவணை கட்ட முடியாவிட்டால் குழுவே கூடிப் பேசுகிறோம். மலையில் மட்டும் ஒருவரை விட்டுவிட்டுப் போய்விட்டோமே! அன்றைக்கே எல்லோரும் இறங்கிவிட்டோம். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதியவைதான் கீழே வருபவை.

ஆறு வாரத் தயாரிப்பு

வயல்வேலை செய்கிற உடம்புதானே என்று நினைக்க வேண்டாம். ஏற்றத்துக்கு மூச்சும் தொடையும் தனியாகப் பழக வேண்டும்.

1, 2-ஆவது வாரம்: தினமும் அரை மணி நேரம் சமதரையில் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும்.

3, 4-ஆவது வாரம்: முக்கால் மணி நேரம். பையில் 2 கிலோ எடை வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை, கோயில் படி என்று ஏறி இறங்கிப் பழகுங்கள்.

5, 6-ஆவது வாரம்: வாரத்தில் ஒரு நாள், பக்கத்தில் உள்ள சின்னக் குன்றில் 2 முதல் 3 மணி நேரம். மலைக்குப் போடப் போகிற ஷூவையே போட்டு நடங்கள்.

வேகம் சரியா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரியான வேகம். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் அது அதிக வேகம்.

கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. நம் குழுக்களில் பலருக்கு இது உண்டு. வெளியே தெரிவதில்லை, ஏற்றத்தில் தெரியும். இதய நோய், மூட்டுத் தேய்மானம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வரக் கூடாது. மாதவிலக்கு நாள் என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. உடம்புக்கு முடிந்தால் வரலாம். நாப்கினைக் காட்டில் போடாமல் காகிதத்தில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.

உடையும் பையும்

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பாறையில் வழுக்கும். அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிப்பு உள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. இறங்கும்போது கால் முன்னால் தள்ளும். கட்டை விரல் இடிக்காத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புது ஷூவை அன்றைக்கே போட்டுப் போனால் கொப்புளம் நிச்சயம்.

சேலை காலில் தட்டும். சுடிதார் வசதி. "இந்த வயசுல சுடிதாரா?" என்று கூச்சப்பட்ட அக்காக்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் போட்டதும் மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

பையில் ஒவ்வொருவருக்கும் தனியாக 2 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். அடுத்தவர் பையை நம்பக் கூடாது. வியர்வையில் உப்பும் போவதால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடவோ குறையவோ கூடாது. சாப்பிட எலுமிச்சை சாதம், கடலை உருண்டை, வாழைப்பழம். இவற்றோடு டார்ச், விசில், தொப்பி அல்லது துண்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒரு ஊன்றுகோல்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கமிருந்தும் வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதில் பெண்கள் பலர். கோடைத் தொடக்கம், காய்ந்த புல், அனுமதி பெறாத பாதை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகள் கொண்டு வந்தது.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பதிவு இணையம் வழியாக. மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் 'எளிது' என்பதையே எடுங்கள். கோயில் மலையாக இருந்தாலும் எந்த நாள், எந்த நேரம் விடுகிறார்கள் என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தீ பிடிக்கும் கோடையிலும் கனமழை நாட்களிலும் போக வேண்டாம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென ஓடையில் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்தால் ஓடை பொங்கும்.

மலையில் நம் விதிகள்

1. மெதுவாக நடப்பவர் முன்னால். குழுவின் வேகம் அவர் வேகம்தான்.

2. விவரம் தெரிந்த ஒருவர் கடைசியில் வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

3. அரை மணிக்கு ஒரு முறை நின்று தண்ணீர் குடிக்க வேண்டும், ஆளை எண்ண வேண்டும்.

4. திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்ய வேண்டும். 5 கிலோமீட்டருக்கு 1 மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு 1 மணி என்பது மலையேறுபவர்களின் பழைய கணக்கு. புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது 5 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நமக்கு 3 மணி நேரம்.

5. "எனக்கு முடியல" என்று சொல்பவரை யாரும் கேலி செய்யக் கூடாது.

6. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், அசையாமல் தூக்கிக் கொண்டு போய் 108-ஐ அழைக்க வேண்டும்.

7. பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வரக் கூடாது. நெருப்பு மூட்டவே கூடாது.

இறங்குவதுதான் கஷ்டம். முட்டியில் பாரம் விழும். காலைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி இறங்குங்கள்.

இரண்டாவது பயணம்

மார்கழியில் மறுபடி பர்வதமலைக்குப் போனோம். காலை 6 மணிக்கே ஏறத் தொடங்கினோம். முதல் தடவை மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதே அக்காதான் முன்னால் நடந்தார். பதினொன்றுக்குத் திரும்புவது என்று முடிவு. கடப்பாரைப் பாறை அடிக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது. கோயில் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பேருக்குத் தலை சுற்றல். "இவ்வளவு தூரம் வந்துட்டு, இன்னும் கொஞ்சம்தானே" என்று பாதிப் பேர். தீர்மானத்தை வாசித்துக் காட்டினோம். அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

அன்றைக்கு மழையும் வரவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அப்ப ஏறியிருக்கலாமே" என்று இன்னும் சிலருக்குக் குறைதான். ஆனால் 24 பேர் போனோம், 24 பேரும் சொந்தக் காலில் நடந்து வேன் ஏறினோம். மலை அங்கேயேதான் இருக்கும். வருகிற தை மாதம் மறுபடி போக, கூட்டத்துக்கு 20 ரூபாய் வீதம் தனியாகச் சேர்த்து வருகிறோம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அனுமதியோடு ஏறக்கூடிய மலை எது?

2. உங்கள் குழுவில் "என்னால எல்லாரும் நிக்கணுமே" என்று சொல்லாமல் இருப்பவர் யார்? மலையில் மட்டும்தானா, மற்ற விஷயங்களிலுமா?

3. ஒரு நாள் முழுக்க நீங்கள் வெளியே போனால் வீட்டு வேலையை யார் பார்ப்பது? இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.