தலைநகரின் குடிநீரும் ஆற்றின் தூய்மையும்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற நகரங்களிலும் வாழ்வோர் அன்றாடம் பயன்படுத்தும் நீரில் பாதிக்கு மேற்பட்டது சுங்கை சிலாங்கூர் ஆற்றிலிருந்து கிடைக்கின்றது. அவ்வாற்றின் தலைப்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகே, மலைகளுக்கிடையே ஓர் அணை உண்டு. அணையிலிருந்து நகருக்கு நேரே குழாய் போடப்பட்டிருக்கும் என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. அணையில் தேக்கிய நீரை ஆற்றிலேயே திறந்துவிடுகின்றனர். அது பல மைல் தொலைவு ஓடி, பெஸ்தாரி ஜெயா என இன்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தை அடைந்த பின்னரே இறைக்கப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கின்றது. அதாவது, இடைப்பட்ட தொலைவு முழுவதும் ஆறே குழாயாகப் பயன்படுகின்றது. அதன் கரைகளிலும் அதில் வந்து கலக்கும் ஓடைகளின் கரைகளிலும் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் ஊர்களும் இருக்கின்றன.

நிலையத்தில் நடப்பதை இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். முதலில் கம்பித் தட்டிகள் சருகு, கட்டை, குப்பை ஆகியவற்றைத் தடுக்கின்றன. அடுத்து, கலங்கிய நீரில் படிகார மருந்தைக் கலந்து கிளறுவர். கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனத்து, தொட்டியின் அடியில் படியும். பாலில் ஆசிட் ஊற்றியதும் அது திரண்டு உறைவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே தத்துவந்தான் இங்கும். தெளிந்த நீர் மணற்படுகை வழியே வடிக்கப்பட்டு, கிருமிகள் அழியக் குளோரின் சேர்க்கப்பட்டு, நீர்த்தொட்டிகளுக்கு அனுப்பப்படுகின்றது.

மண்ணையும் கிருமியையும் இவ்வாறு நீக்கிவிடலாம். நீரிலேயே கரைந்துவிடும் பொருள்களை என்ன செய்வது? அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். வெட்டிய பால் வாளியில் உறைந்துவிடாமலிருக்கச் சேர்க்கும் அதே பொருள்தான். அதன் நெடி கண்ணைக் கரிப்பதைத் தோட்டத்தில் அறியாதார் இலர். ஆற்று நீரில் அம்மோனியா இருந்தால், கிருமிகளை அழிக்க இட்ட குளோரின் முதலில் அதனோடு சேர்ந்து தீர்ந்துபோகும். ஒரு பங்கு அம்மோனியாவை ஈடுகட்ட எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் வேண்டியிருக்கும். அளவு மிகுந்துவிட்டால் நிலையத்தார் வாயிலை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. 2017-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் சுங்கை ஜொகூர் ஆற்றோரச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதே காரணத்தால் மூடப்பட்டன.

இரப்பர் ஆலைகளின் கழிவு நீரும் ஒரு காலத்தில் நம் ஆறுகளைப் பெரிதும் கெடுத்தது. இதை மறைப்பதில் பயனில்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், செம்பனை ஆலைகளுக்கு 1977-லும் இரப்பர் ஆலைகளுக்கு 1978-லும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆலைகளின் பின்புறம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் குட்டைகள் அவற்றின் விளைவே. முதற் குட்டை ஆழமானது. காற்றுப் படாத அதன் அடியில் ஒருவகை நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செரிக்கின்றன. ஆழம் குறைந்த அடுத்த குட்டைகளில் வேறு நுண்ணுயிர்கள் எஞ்சியதைத் தீர்க்கின்றன. இதற்குப் பல நாள் பிடிக்கும். வீணே கிடக்கும் சேற்றுக்குழி என்று கருதி அதன் கரையை வெட்டிவிடுவோர் இந்த வேலையெல்லாவற்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடுகின்றனர். களைக்கொல்லி தெளித்த பம்பையும் காலி டின்களையும் ஓடையில் கழுவுவதும் அத்தகையதே. அம்மருந்து படிகாரத்தால் எளிதில் படியாது. மணலிலும் முழுதும் தங்காது.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் நேர்ந்ததை நகரத்தார் இன்னும் மறக்கவில்லை. ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் இரசாயனக் கழிவு கலந்தது. அதன் வாடை சுங்கை சிலாங்கூர் வரை வந்தது. ஆயர் சிலாங்கூர் நிறுவனம் நான்கு நிலையங்களை உடனே மூடியது. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்களுக்கு நீர் நின்றது. அடுத்த மாதமும் இதே ஆற்றில் வாடை கண்டு நிலையங்களை மூட நேர்ந்தது. அதன்பின் சிலாங்கூர் மாநிலம் தன் நீர்வளச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது.

இத்தகைய வேளைகளில் நிறுவனத்தார் கைகட்டி நிற்பதில்லை. அணையிலிருந்து கூடுதல் நீரைத் திறந்து கழிவின் அடர்த்தியைக் குறைப்பர். கரித்தூள் இட்டு வாடையை ஓரளவு உறிஞ்சச் செய்வர். பெஸ்தாரி ஜெயாவில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற பழைய குட்டைகளின் நீரும் ஆற்றுக்குத் துணையாக இறைக்கப்படுவதுண்டு. அன்று பாழ்நிலம் எனப்பட்ட இடம் இன்று சேமக் களஞ்சியமாகியிருப்பது வியப்புக்குரியது.

ஆறு தெளிந்த மறுகணமே வீட்டுக்கு நீர் வந்துவிடும் என்றும் எண்ணலாகாது. முதலில் ஆற்று நீரைத் திரும்பத் திரும்பச் சோதித்து, வாடை அறவே இல்லையென்று உறுதி செய்வர். பின்னர் வறண்ட நீர்த்தொட்டிகள் நிரம்பவேண்டும். காலிக் குழாய்களில் காற்று அடைத்திருக்குமாதலால் நீரை மெல்ல மெல்லவே விடுவர். விரைந்து விட்டால் பழைய குழாய்கள் வெடித்துவிடும். மருத்துவமனைகளுக்கு அதுவரை லாரிகளில் நீர் செல்லும். தாழ்ந்த பகுதிகளில் முதலில் வரும் நீர், மேட்டு நில வீடுகளுக்கும் குழாயின் கடைசிக் கோடியில் உள்ளோர்க்கும் வந்து சேர இன்னும் ஓரிரு நாள் ஆகும்.